விதை முதல் விதை வரை: பள்ளித் தோட்டமும் தன்னார்வ ஆசிரியரும்



பள்ளிக்கூடத்தில் செடி வளர்ப்பது என்ற பேச்சு எழுந்தால் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நினைவில் முதலில் வருவது மரக்கன்று நடுவிழாதான். 1950ஆம் ஆண்டில் அன்றைய நடுவண் அரசின் உணவு, வேளாண் அமைச்சர் கே. எம். முன்ஷி வன மகோத்சவம் என்னும் மரநடு வாரத்தைத் தொடங்கிவைத்த காலம் முதல், ஜூலை மாதம் பிறந்துவிட்டால் குழி தோண்டுவதும், விருந்தினர் கையால் கன்று ஊன்றுவதும், பூவாளியால் முதல் தண்ணீர் விடுவதும் பள்ளிகளின் வழக்கமாகிவிட்டன. அந்த வழக்கத்தால் நிழல் பெற்ற பள்ளிகள் பல உண்டு. அதைக் குறைத்துச் சொல்வது இவ்வுரையின் நோக்கம் அன்று. ஆனால், நட்ட நாளில் கைதட்டிய குழந்தைக்கு அந்தக் கன்றின் கதை மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது. இலை ஏன் துவண்டது, ஆடு கடித்த இடத்தில் மறுபடியும் துளிர்க்குமா, எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட வேண்டும் என்னும் கேள்விகள் அதன் மனத்தில் எழும்போது, விடை சொல்லவும், பல வேளைகளில் விடையைக் குழந்தையே கண்டுகொள்ளும்வரை வாய்மூடி உடனிருக்கவும் ஒருவர் வேண்டும். அந்த மறுநாள் காலையில் வந்து நிற்பவரைப் பற்றியதே இவ்வுரை.

ஊதியம் கருதாமல், தம் விருப்பத்தால் ஒரு பொதுப்பணிக்கு நேரம் தருபவரே தன்னார்வலர். அந்த நேரத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிரையும் செடியையும் மரத்தையும் அறிமுகம் செய்வதற்குத் தருபவரைத் தன்னார்வத் தோட்ட ஆசிரியர் எனலாம். பணி ஓய்வு பெற்ற வேளாண் அலுவலராகவோ, கல்லூரியில் தாவரவியல் படிக்கும் இளைஞராகவோ, மாடித்தோட்டம் போட்டுப் பழகிய இல்லத்தரசியாகவோ, ஐம்பது பருவம் விதைத்து அறுத்த விவசாயியாகவோ அவர் இருக்கலாம். பட்டப்படிப்பு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. தவிர்க்க முடியாத தகுதி ஒன்றுதான்: வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில், ஜூன் முதல் ஏப்ரல் வரை தவறாமல் வருவது. பள்ளியின் அறிவியல் ஆசிரியருக்குச் செடியைப் பற்றித் தெரியாமல் இல்லை. பாடத்திட்டமும் தேர்வும் பதிவேடுகளும் அவருக்கு மிச்சம் வைக்காத ஒன்று நேரம். அந்த நேரத்தைத்தான் தன்னார்வலர் கொண்டுவந்து தருகிறார். ஒரு குழந்தை ஒரு விதையை ஊன்றி, அது முளைத்து, பூத்து, காய்த்து, முற்றி, மறுபடியும் தன் உள்ளங்கையில் விதையாக வந்து சேரும்வரை, இடையில் அறுபடாமல் அந்த ஒரே செடியைப் பார்த்திருக்க வேண்டும் என்பதே இந்த மேடையிலிருந்து வைக்கப்படும் வேண்டுகோள்.

இவ்வேண்டுகோள் புதியதன்று. தமிழ்நாட்டில் மூன்று வயது முடிந்த குழந்தை எங்கே படிக்கிறது என்று கேட்டால் எல்.கே.ஜி. என்ற விடை வரும். அதில் உள்ள 'கே.ஜி.' என்னும் எழுத்துகள் 'கிண்டர்கார்ட்டன்' என்னும் ஜெர்மானியச் சொல்லின் சுருக்கம். அதன் பொருள் குழந்தைகளின் தோட்டம். பிரீட்ரிக் ஃபுரோபெல் என்னும் ஜெர்மானியக் கல்வியாளர் 1837இல் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் இளங்குழந்தைகளுக்கான நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, 1840இல் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். அது வெறும் உவமைப் பெயர் அன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென ஒரு சிறு பாத்தி, எல்லோருக்கும் சேர்த்துப் பொதுப் பாத்தி என்று அவர் வகுத்தார். தன் பாத்தியில் குழந்தை தான் விதைத்ததன் விளைவைத் தானே பார்க்கும், பொதுப் பாத்தியில் பிறரோடு சேர்ந்து பாடுபடும். இன்று அந்தப் பெயரைத் தாங்கிய வகுப்புகள் பல, ஒரு பிடி மண்கூட இல்லாத கட்டடங்களில் நடக்கின்றன என்பது வருத்தத்தோடு சொல்ல வேண்டிய செய்தி.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, 1909இல் வெளியான தம் முதற்பெரும் கல்வி நூலில், செடி வளர்ப்புக்கும் பிராணி வளர்ப்புக்கும் ஒரு தனி இயலே ஒதுக்கினார். தன் கவனிப்பை நம்பி ஓர் உயிர் இருக்கிறது, தண்ணீர் விடாவிட்டால் அது வாடிவிடும் என்று உணர்ந்த குழந்தையிடம் யாரும் ஏவாமலே பொறுப்பு வளர்கிறது. விதைக்கும் விளைவுக்கும் இடையே காத்திருக்கும் பொறுமையும் அதோடு சேர்ந்தே வருகிறது என்பது அவர் கண்டு சொன்ன உண்மை. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அவருக்கு, இரண்டாம் உலகப் போரின் காரணமாக ஆண்டுக்கணக்கில் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவற்றில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன. அங்கே மலையின் இயற்கையே பிள்ளைகளுக்குப் பாடப்பொருளாயிற்று. ஆகவே, செடியோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது என்னும் சிந்தனை வளர்ந்த இடங்களுள் தமிழ்நாட்டு மண்ணும் ஒன்று.

ஆனால் அதே மண்ணில் இந்தப் பொருளைப் பேசும்போது சற்று நின்று, மறைக்காமல் சொல்ல வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. 1953இல் சி. இராசகோபாலாச்சாரி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கும்படி அமைந்தது. அது குலத்தொழிலைப் பிள்ளைகளின் தலையில் மீண்டும் கட்டுவதாகும் என்று பெரியாரும் பிறரும் எதிர்த்ததும், 'குலக்கல்வி' என்றே அது பெயர் பெற்றதும், 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் கைவிடப்பட்டதும் எல்லோரும் அறிந்தவை. மண்வெட்டி பிடித்தே மூன்று தலைமுறை தேய்ந்த குடும்பம், தன் பிள்ளையின் கையில் புத்தகம் இருக்க வேண்டும் என்று வயிற்றைக் கட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறது. அங்கும் அதன் கையில் களைக்கொத்தைக் கண்டால் தாயின் நெஞ்சு பதைப்பது இயல்பு. அந்தப் பதைப்பு முழுக்க முழுக்க நியாயமானது. ஆதலால் தன்னார்வ ஆசிரியர் முதல் நாளிலேயே சில எல்லைகளைத் தமக்கு வகுத்துக்கொள்ள வேண்டும். தோட்ட வேலை எந்தப் பிள்ளைக்கும் தண்டனையாகக் கொடுக்கப்படக் கூடாது; வளாகத்தைத் துப்புரவு செய்வதற்குப் பெயர் மாற்றிய ஏற்பாடாக அது ஆகிவிடக் கூடாது; சில பிள்ளைகளுக்குக் களையெடுப்பும் வேறு சில பிள்ளைகளுக்குக் குறிப்பேடும் என்று பிரிவு உண்டாகவே கூடாது. மருத்துவர் வீட்டுப் பிள்ளையின் நகக்கண்ணில் மண் படிய வேண்டும். கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் குறிப்பேட்டில் முளைப்பு விகிதம் கணக்கிடப்பட வேண்டும். தோட்டத்தைப் பள்ளியின் அறிவியல் கூடமாகவும் மொழிக்கூடமாகவும் நடத்தினால் அந்தத் தாயே ஒருநாள் விதை கொண்டுவந்து கொடுப்பார்.

மொழிக்கூடம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் தேவநேயப் பாவாணரின் 'தமிழ்ச்சொல் வளம்' என்னும் கட்டுரை பாடமாக உள்ளது. பயிர் வகைகளின் அடிப்பகுதி, இலை, கொழுந்து, பூ, பிஞ்சு, இளம்பயிர் ஒவ்வொன்றுக்கும் தமிழில் எத்தனை பெயர்கள் வழங்குகின்றன என்பதை அது அடுக்கிக் காட்டுகிறது. நெல்லின் இளம்பயிர் நாற்று, மா, புளி, வாழை ஆகியவற்றுக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி, விளாவுக்குக் குட்டி. பிஞ்சு என்று பொதுவாகச் சொல்வதில் மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, எள்ளுக்குக் கவ்வை, தென்னைக்கும் பனைக்கும் குரும்பை, வாழைக்குக் கச்சல் எனத் தனித்தனிப் பெயர்கள். இலை துளிர்க்கும்போது கொழுந்து அல்லது தளிர், பசுமை மாறும்போது பழுப்பு, காய்ந்து விழுந்தபின் சருகு. பூ அரும்பாகத் தொடங்கி, மொட்டாகி, மலராகி, மரத்திலிருந்து கீழே வீழ்ந்த நிலையில் வீ என்றும், வாடிய நிலையில் செம்மல் என்றும் பெயர் பெறுகிறது. இத்தனை சொற்களையும் ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்யும் பிள்ளை, ஒரு வடலியைக் கண்ணால் கண்டதில்லை. மூசு எவ்வளவு பெரியது என்று விரலால் காட்டத் தெரியாது. சொல்லைப் பாடநூல் தந்துவிட்டது. பொருளைக் காட்டும் வேலைதான் மிச்சமிருக்கிறது. ஒரு மாலை நேரத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அருகிலுள்ள மாமரத்தடிக்கு அழைத்துச் சென்று, உதிர்ந்து கிடக்கும் வடுக்களைப் பொறுக்கச் செய்து, காம்பு கிள்ளிய இடத்தில் கசியும் பாலின் மணத்தை முகரச் செய்தால், அந்தச் சொல் தேர்வு முடிந்த பின்னும் அவர்களிடமிருந்து போகாது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், தொல்காப்பிய மரபியல் புல், மரம் என்று நிலைத்திணையை இரண்டாகப் பகுப்பதைக் காணலாம். நிலைத்திணை என்பது நின்ற இடத்தை விட்டுப் பெயராத உயிர்களின் வகை. இன்றைய வழக்கில் தாவரம். வெளிப்புறத்தில் வயிரம் பாய்ந்தவை புல் என்றும், உட்புறத்தில் வயிரம் பாய்ந்தவை மரம் என்றும் அந்நூல் இலக்கணம் வகுக்கிறது. அதன்படி வானளாவ நிற்கும் பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினத்தைச் சேர்ந்தவை. கேட்ட மாத்திரத்தில் எந்தப் பிள்ளையும் இதை நம்பாது. நம்ப வேண்டியதும் இல்லை. மரம் அறுக்கும் பட்டறையிலிருந்து தென்னந்துண்டம் ஒன்றும் புளியந்துண்டம் ஒன்றும் வாங்கி வந்து அருகருகே வைத்தால் போதும். தென்னையில் வெளிவிளிம்பு கருத்து இறுகி ஆணி இறங்காமல் இருக்கிறது, நடுப்பகுதியில் விரல் நகமே பதிகிறது. புளியிலோ ஓரம் வெளுத்து, நடுவில் கருஞ்சிவப்பான வயிரம் இருக்கிறது. பிறகு, முளைக்கும்போது ஒரே வித்திலை உடையவை, இரண்டு வித்திலை உடையவை என்று இன்றைய தாவரவியல் செய்யும் பகுப்பைச் சொல்லி (வித்திலை என்பது விதைக்குள்ளேயே அடங்கியிருக்கும் முதல் இலை), முளைத்த புளியங்கொட்டையில் இரண்டு தடித்த பருப்புகள் மண்ணை முட்டிக்கொண்டு மேலே வருவதையும், பனங்கொட்டை முளையை நிலத்துக்குள் இறக்கிக் கிழங்காக்குவதையும் காட்டலாம். இரண்டு பகுப்புகளும் எல்லா இடத்திலும் முற்றப் பொருந்துபவை அல்ல. ஆனாலும் பெரும்பாலும் ஒன்றையொன்று தொட்டே செல்கின்றன. பனங்கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சுபோல் இனிக்கும் தவுண் கிடைக்கும். அந்த வகுப்பை எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக இடம்பெறுகின்றன என்பது தமிழ் படித்தவர் அனைவரும் அறிந்தது. அப்பாட்டு, ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவிப்பதற்காகப் பாடப்பெற்றது என்று அதன் பழங்குறிப்பு கூறுகிறது. ஒருவருக்குத் தமிழைக் கற்பிக்க எழுந்த பாட்டில் 99 பூக்கள் இருப்பதை எண்ணிப் பார்க்கும்போது, இலையும் பூவும் அறியாமல் தமிழ் அறிந்ததாகக் கொள்வது எப்படி என்னும் கேள்வி தானே எழுகிறது.

இனி, நடைமுறைக்கு வருவது தகும். தமிழ்நாட்டுப் பள்ளி ஆண்டும் பயிர் ஆண்டும் ஒன்றோடொன்று பாதி இணங்கி, பாதி முரண்படுகின்றன. ஜூனில் பள்ளி திறந்து, பிள்ளைகள் வகுப்பில் ஒருவாறு அமைவதற்குள் ஆடி பிறந்துவிடுகிறது. பட்டம் என்பது ஒரு பயிரை விதைப்பதற்கு உரிய பருவம். ஆடிப் பட்டம் தேடி விதை என்று உழவர் வாய்மொழி சொல்லும் அந்தப் பருவம், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை. அப்போது ஊன்றிய வெண்டை ஏறத்தாழ 45 நாள்களில் முதல் காயைக் கொடுக்கும். அதாவது காலாண்டுத் தேர்வுக்கு முன்பே பிள்ளை தன் செடியின் காயைப் பறித்துவிடும். அரைக்கீரையும் சிறுகீரையும் விதைத்த நான்காம் நாள் முளைத்து, 25 நாள்களில் பறிப்புக்கு வரும். ஆகவே பொறுமை இன்னும் பழகாத முதல் மாதத்துக்குக் கீரையே உகந்தது. கத்திரியும் தக்காளியும் நாற்றங்காலில் ஒரு மாதம் வளர்ந்து, பிறகு பிடுங்கி நடப்பட வேண்டியவை. நாற்று என்னும் சொல்லின் பொருள் அங்கே கைக்கு வருகிறது. கொடி அவரையின் கதையோ வேறு. பழைய நாட்டு வகை அவரையை ஆடியில் ஊன்றினால், அது பந்தலெங்கும் தழைத்துப் படரும், பூக்காது. பிள்ளைகள் வாரந்தோறும் வந்து பார்த்துச் சலித்துப் போவார்கள். பகற்பொழுது குறுகிய பின்பே பூப்பது அதன் இயல்பாதலால், ஐப்பசி, கார்த்திகையில் திடீரென்று கொத்துக் கொத்தாகப் பூத்து, மார்கழியில் பந்தல் தொங்கக் காய்க்கும். செடிக்கும் நாளின் நீளம் தெரியும் என்ற உண்மையை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடம் கிடையாது. ஆனால் அதற்கு ஐந்து மாதம் உடனிருக்கும் ஒருவர் வேண்டும்.

பரங்கிக் கொடி ஒன்று பள்ளி வேலியில் இருந்தால், தாவரவியலின் பெரும்பகுதியை அதிலேயே நடத்திவிடலாம். பரங்கிப்பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். ஆகவே இந்த வகுப்பு முதல் பாட வேளையிலோ, முடிந்தால் அதற்கும் முன்போ நடக்க வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்பவை. பள்ளி விடும் நேரத்தில் அவை விரியத் தொடங்கியே இருக்கும் என்பதால் பரங்கியே பள்ளிக்கு ஏற்றது. கொடியில் முதலில் பூப்பவை எல்லாம் நீண்ட காம்பில் நிற்கும் பூக்கள்; அவை ஒன்றுகூடக் காயாகாமல் உதிரும். கொடியில் ஏதோ குறை என்று பிள்ளைகள் முடிவு கட்டும் வேளையில், குட்டையான காம்பில், இதழ்களுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு சின்னஞ்சிறு பரங்கியையே தாங்கிக்கொண்டு ஒரு பூ வரும். முன்னவை ஆண் பூக்கள், இது பெண் பூ. ஆண் பூவின் நடுவில் உள்ள தண்டை விரலால் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்டும். அதுதான் மகரந்தம், அதாவது பூந்தாது. ஆண் பூ ஒன்றைக் கிள்ளி, இதழ்களை மடக்கிவிட்டு, அதன் தாதைப் பெண் பூவின் பிசுபிசுப்பான சூல்முடியில் பிள்ளையே தடவி, காம்பில் ஒரு நூலைக் கட்டி, நாளைக் குறித்துவைக்க வேண்டும். அருகில் இன்னொரு பெண் மொட்டை முதல் நாள் மாலையிலேயே துணிப்பையால் மூடி, தேனீ தீண்டாதபடி விட்டுவைக்க வேண்டும். ஒரு வாரத்தில் நூல் கட்டிய பிஞ்சு எலுமிச்சை அளவைத் தாண்டி வளர்ந்திருக்கும். பைக்குள் இருந்தது மஞ்சளித்து வதங்கியிருக்கும். மகரந்தச் சேர்க்கை என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுத வேண்டிய நேரம் அதுதான், அதற்கு முன்பு அன்று. தேனீ இல்லாமல் போனால் சோற்றுக்குக் கறி இல்லை என்பதை அந்த வதங்கிய பிஞ்சே சொல்லிவிடும்.

தட்டைப்பயறு விதைத்த பாத்தியும் இப்படிப்பட்ட ஒரு செல்வம். பூக்கும் பருவத்தில், மண்ணை நன்றாக நனைத்து, ஒரு செடியை வேரோடு மெல்லக் கிளப்பி, வாளித் தண்ணீரில் அலசினால், வேரில் மணிமணியாக முடிச்சுகள் தெரியும். நோய் என்று நினைத்துப் பிள்ளைகள் பின்வாங்குவார்கள். ஒரு முடிச்சை நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தரும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் வீடு அது, அவை உயிரோடு வேலை செய்கின்றன என்பதற்கு அந்தச் சிவப்பே அடையாளம். பயறு போட்ட நிலத்தில் அடுத்த பயிர் செழிக்கும் என்று பாட்டன் சொன்னதற்கும், ஒன்பதாம் வகுப்பில் வரப்போகும் பாடத்துக்கும் உள்ள உறவு, அழுக்கான அந்த வேரில் இருக்கிறது.

பூச்சியைக் கொல்வதற்கு முன் பார்க்கக் கற்பிப்பதும் இப்பணியில் அடங்கும். பள்ளிக் கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. சில நாள்களில் அதே புழு பச்சை நிறமாகும். குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு கொம்பை நீட்டி, நெடி பரப்பும். சமையலுக்கு நான்கு கொத்து குறைந்தாலும் குற்றமில்லை, அந்தப் புழுவைக் கூட்டுப்புழுவாகும்வரை விட்டுவைத்து, இறகு விரிந்து பறக்கும் காலையைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

கீரையும் முருங்கையும் கறிவேப்பிலையும் பள்ளிச் சமையற்கூடத்துக்குப் போவது சிறப்பு. 1956இல் காமராசர் தொடங்கிவைத்த மதிய உணவும், 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் விரிவாக்கிய சத்துணவும் இந்த மாநிலத்தின் பெருமைகள். பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கு 2019இல் நடுவண் அரசும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆயினும் பள்ளித் தோட்டத்தின் பயனைக் கிலோக் கணக்கில் அளக்கத் தொடங்கினால், பிள்ளைகள் விலகி, வேலையாள் ஒருவர் உள்ளே வந்துவிடுவார். பத்துக்குப் பத்தடி நிலமும், பதினைந்து பழைய வாளிகளும் இருந்தாலே போதும். தண்ணீருக்குக் கைகழுவும் இடம் இருக்கிறது. 200 பிள்ளைகள் ஆளுக்கு ஒரு லிட்டர் செலவழித்தாலும் நாளொன்றுக்கு 200 லிட்டர் வீணாகிச் சாக்கடைக்குப் போகிறது, அதைச் சிறு வாய்க்காலால் வாழைக்குத் திருப்பலாம்.

அச்சம் கலந்து சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. வேலியோரக் காட்டாமணக்கின் விதை கடலை போலச் சுவைப்பதால், அதைத் தின்ற பிள்ளைகள் கூட்டமாக வாந்தியெடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படும் செய்திகள் அவ்வப்போது வருகின்றன. அரளி, ஊமத்தை, குன்றிமணி, காட்டாமணக்கு, ஆமணக்கு விதை ஆகியவற்றைப் பெயரும் உருவமும் சொல்லி முதல் மாதத்திலேயே அடையாளம் காட்டுவதும், ஆசிரியர் சொல்லாத எதையும் வாயில் வைக்கலாகாது என்று பழக்குவதும் தன்னார்வலரின் கடமை. இரசாயனப் பூச்சிக்கொல்லியைப் பள்ளி வளாகத்துக்குள் அவர் கொண்டுவரவே கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. தலைமையாசிரியரின் இசைவும் அக்குழுவின் இசைவும் பெற்று, வகுப்பாசிரியர் உடனிருக்கும்போது மட்டுமே பிள்ளைகளோடு இருப்பது தன்னார்வலருக்கும் பிள்ளைகளுக்கும் காப்பு. 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் அறிவிக்கப்பட்டபோது ஊர்தோறும் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முன்வந்ததை இந்நாடு கண்டது. மனம் இல்லாமல் இல்லை.

மனம் உள்ளவர் செய்யும் பெரும்பிழை, தாமே எல்லாவற்றையும் செய்துவிடுவது. பிள்ளை ஆழமாக ஊன்றிய விதையைப் பள்ளி விட்ட பிறகு தோண்டி மேலே வைப்பது, காய்ந்த செடியைப் பிடுங்கி இரவோடு இரவாக வேறு செடி நடுவது எல்லாம் அன்பின் காரணமாகச் செய்யப்படுபவைதாம். ஆயினும் அவை பிள்ளையிடமிருந்து பாடத்தைப் பறித்துவிடுகின்றன. பத்து விதையில் நான்கு முளைத்தால் நான்கு என்றே குறிப்பேட்டில் ஏற வேண்டும். அடுத்த பாத்திக்காரி பத்துக்கு எட்டு எடுத்தது எப்படி என்று பிள்ளை போய்க் கேட்டு, விரற்கணு ஆழத்துக்கு மேல் ஊன்றலாகாது என்று தெரிந்து வரும்வரை ஆசிரியர் காத்திருக்கத்தான் வேண்டும். அவருக்குத் தெரியாத செடியின் பெயரைப் பிள்ளை கேட்டால், தெரியாது என்று சொல்லி, மறுவாரம் கேட்டறிந்து வந்து சொல்வது அவருடைய மதிப்பைக் கூட்டும்.

எல்லாப் பள்ளித் தோட்டங்களுக்கும் வரும் கண்டம் மே மாதம். ஏப்ரலில் தேர்வு முடிந்து வாயில் பூட்டப்பட்டுவிடும். கோடை வெயிலில் 40 நாள் தண்ணீரில்லாமல் எந்தப் பாத்தியும் பிழைக்காது. ஜூனில் திரும்பி வரும் பிள்ளை காய்ந்த குச்சிகளைக் கண்டு, தோட்டம் என்றால் இவ்வளவுதான் என்று முடிவு செய்துவிடுகிறது. இதற்கு மாற்று, மே மாதத்தில் உயிர் தாங்கும் பொருளாக விதையை மட்டும் விட்டுவைப்பதுதான். வாழைக்கும் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் காவலரோ பக்கத்து வீட்டாரோ இரண்டு நாளுக்கு ஒரு வாளி ஊற்றினால் போதும். மற்றவற்றையெல்லாம் மார்ச்சு மாதத்துக்குள் முற்றவிட்டு விதையெடுத்துவிட வேண்டும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையின் செடியிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போலவே விளையாது. ஆதலால் தொடக்கத்திலேயே நாட்டு விதையாகத் தேடி ஊன்றியிருக்க வேண்டும். வெண்டையில் ஒரு செடியின் காய்களைப் பறிக்காமல் நெற்றாகும்வரை விட்டுவைக்க வேண்டும். பிஞ்சாகப் பறித்துத் தின்னும் ஆசையை ஒரு செடியளவுக்கு அடக்குவது பிள்ளைகளுக்கு எளிதன்று. தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான கூழ் முளைப்பைத் தடுப்பதால், பிசைந்த பழத்தை ஒரு கிண்ணத்தில் இரண்டு நாள் புளிக்கவிட்டு, மிதப்பதை நீக்கி, அடியில் தங்கிய விதையை அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். அவரையையும் தட்டைப்பயறையும் சாம்பலில் புரட்டி, காய்ந்த வேப்பிலையோடு மூடிவைக்கலாம். முன்னாளில் இதற்கென்றே வீடுகளில் சுரைக்குடுக்கை தொங்கியது.

ஏப்ரல் மாதக் கடைசி வகுப்பில், பழைய வினாத்தாளை மடித்து ஒட்டிய சிறு உறைகளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் விதையை எண்ணிப் போட்டு, செடியின் பெயர், ஊன்றிய நாள், விதையெடுத்த நாள், தன் பெயர், தன் வகுப்பு என்று எழுதி, ஆசிரியரிடம் ஒப்படைக்கிறது. அவர் அவற்றை ஒரு மண்கலயத்தில் அடுக்கி, வாயைத் துணியால் கட்டி, தலைமையாசிரியர் அறையின் பரண்மேல் வைக்கிறார். ஜூன் மாதத்தில் ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வந்து சேரும் பிள்ளைகளுக்கு, ஏழாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள் தங்கள் உறையைத் தாங்களே பிரித்து, ஆளுக்கு ஐந்து விதை எண்ணிக் கொடுக்கிறார்கள். எவ்வளவு ஆழத்தில் ஊன்ற வேண்டும் என்று விரற்கணுவைத் தொட்டுக் காட்டுவதும் அவர்களே.